குடுமியான்மலைப் பாறையைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் காட்டுவது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்தில் வரலாறு நடத்துகிறவர்கள் பாடத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் எல்லாம் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்தான். ஆனால் ஒரு பள்ளியின் எல்லாப் பிள்ளைகளையும் அங்கே கூட்டிப்போவது லேசான காரியமில்லை. வண்டி வாடகை, பெற்றோர் சம்மதக் கடிதம், மதியச் சாப்பாடு, கூடவே வர இரண்டு டீச்சர்கள் என்று ஒவ்வொன்றாகச் சேரும். போய்ச் சேர்ந்த பிறகும் பாறையைக் குடைந்து செய்த ஒரு சிறிய குடைவரைக் கோயிலுக்குள் ஒரு வகுப்பே நின்று கூரை ஓவியத்தைப் பார்க்க முடியாது. அதனால் இந்த இடங்களைப் படம், ஒலி, வீடியோ சேர்ந்த பிரசன்டேஷன்களாகச் செய்து எங்கள் பள்ளியிலும், தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருக்கிற பக்கத்துப் பள்ளிகளிலும் பல வருடங்களாகக் காட்டி வருகிறேன்.

இந்த வேலையில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று. ஒரு பிரசன்டேஷன் எந்த அறையில், எந்தக் கணினியில், எந்தப் புரொஜெக்டரில் ஓடப்போகிறதோ அதற்காகத்தான் அதைச் செய்ய வேண்டும். நம் வீட்டு லேப்டாப்பில் அது எவ்வளவு அழகாக ஓடினாலும் அங்கே ஓடாவிட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

குடுமியான்மலையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மல்டிமீடியா உண்மையிலேயே தேவைப்படும் பாடம் அது. சிகாநாதசுவாமி கோயிலில், மேலைக்கோயில் என்ற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பு, சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட பல்லவ கிரந்த எழுத்து, 38 வரிகள். அது 7 பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் ஒரு ராகத்துக்கான சுரக்கோவை. சுரங்களை நான்கு நான்காகக் கூட்டி வெட்டியிருக்கிறார்கள். ஒரே சுரத்தை ச, சி, சு, செ என்று உயிரெழுத்தை மாற்றி மாற்றி எழுதியிருப்பது பார்க்கிற எவரையும் நிறுத்தி யோசிக்க வைக்கும். முதலாம் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. முடிவில், உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று சமஸ்கிருதத்தில் இருக்கிறது. அதோடு ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்று தமிழில் ஒரு குறிப்பு. மாணவர்களுக்காக எழுதப்பட்ட கல்வெட்டு மாணவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்குத் தனி ஆசை உண்டு.

இதை வெறும் வரிகளாக ஸ்லைடில் போட்டால், ‘7 பகுதிகள், 38 வரிகள்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு பிள்ளைகள் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். பாறையின் அளவு கண்ணில் தெரிய வேண்டும். எழுத்து எவ்வளவு சிறியது, எவ்வளவு நிறைய என்பது தெரிய வேண்டும். அது இசை என்பது காதில் விழ வேண்டும். இந்த மூன்றுக்கும் மூன்று வேறு வேறு வழிகள் வேண்டும்.

அளவைக் காட்ட ஒரே இடத்தை நான்கு ஸ்லைடுகளில் போடுகிறேன். முதலில் கோயிலும் மலையும். அடுத்தது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் முழுப் பாறை. ஆள் நிற்காவிட்டால் 13 அடி என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடாது. மூன்றாவதில் ஒரு பகுதி மட்டும். நான்காவதில் நான்கு சுரங்கள் கொண்ட ஒரே ஒரு கூட்டு, திரை முழுக்க. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, ஒன்று மங்கி மற்றது தெரியும் ஃபேடு மட்டும்தான். பவர்பாயின்ட்டின் புதிய பதிப்புகளில் மார்ஃப் என்ற வசதி இருக்கிறது. படம் தானே பெரிதாகி நம்மை உள்ளே இழுத்துப்போவது போல இருக்கும், அழகாகவே இருக்கும். ஆனால் பள்ளிக் கணினியில் பழைய பதிப்பு இருந்தால் அது வெறும் ஃபேடாகத்தான் ஓடும். அதை நம்பி ஒரே ஸ்லைடில் எல்லாவற்றையும் அடைத்திருந்தால் கதை அங்கேயே அறுந்துபோகும். நான்கு ஸ்லைடுகளாக வைத்துவிட்டால் எந்த மென்பொருளிலும், ஏன், பிடிஎஃப்பில்கூட அந்த நடை கெடாது.

கல்வெட்டைப் படம் எடுப்பது தனிக் கலை. உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்தும் பாறையும் ஒரே நிறமாகக் கலந்துவிடும். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுத்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். நிழலான இடமென்றால் டார்ச்சைப் பாறையை ஒட்டி ஒரு பக்கமாகப் பிடிக்கச் சொல்லி எடுக்கலாம். கோயிலில் கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது. எழுத்தில் சுண்ணாம்பு, மாவு எதையும் பூசிப் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களும் செய்வார்கள்.

அப்படி எடுத்த நல்ல படமும் திரைக்கு வரும்போது சாயம் போய்த்தான் வரும். வகுப்பறைகளில் ஜன்னலுக்குத் திரைச்சீலை கிடையாது. புரொஜெக்டரின் விளக்கு பழசாக இருக்கும். சுவரே நீலமாகவோ மஞ்சளாகவோ இருக்கும். அதனால் கல்வெட்டுக்கு நான் இரண்டு படங்கள் வைப்பேன். ஒன்று பாறையின் நிழற்படம், இன்னொன்று மைப்படி, அதாவது கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை தட்டி எடுக்கும் படி. மைப்படியில் கறுப்புத் தாளில் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். வெளிச்சமான அறையில் கறுப்புப் பரப்பு சாம்பலாகத்தான் தெரியும் என்பதால் அதையும் தலைகீழாக்கி வெள்ளையில் கறுப்பு எழுத்தாக மாற்றிவிடுவேன். விண்டோஸ் பெயின்ட்டிலேயே படத்தை முழுதாகத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால் இன்வர்ட் கலர் வரும், அது போதும். பின்னணி நிறத்துக்கும் இதே கணக்குதான். அடர்நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து லேப்டாப்பில் எடுப்பாக இருக்கும். ஜன்னல் திறந்த வகுப்பில் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. பிள்ளைகள் அதை ஒருநாளும் சலிப்பாகப் பார்த்ததில்லை, படம் நன்றாக இருந்தால்.

சித்தன்னவாசல் அறிவர் கோயில் கூரையில் இருக்கும் தாமரைக்குள ஓவியத்தில் இதற்கு நேர்மாறான ஆசை ஒன்று வரும். நிறங்கள் மங்கியிருக்கின்றன, மென்பொருளில் ஒரு கோட்டை இழுத்தால் பச்சையும் சிவப்பும் பளிச்சென்று வந்துவிடும். நான் அதைச் செய்வதில்லை. 9-ஆம் நூற்றாண்டு ஓவியம் இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே காட்டுவேன். பக்கத்தில் அதே பகுதியின் கோட்டோவியத்தை வைத்து மீன், யானை, எருமை, பறவை, தாமரை பறிக்கும் துறவி என்று ஒவ்வொன்றாக வரவைப்பேன். மங்கல் எங்கே முடிகிறது, உருவம் எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிப்பார்கள். அப்படித் தேடிய பிள்ளை பின்னாளில் நேரில் போய்ப் பார்க்கும்போது ஏமாறாது. கோட்டோவியத்தை பவர்பாயின்ட்டிலேயே செய்யலாம். ஷேப்ஸ் பகுதியில் ஃப்ரீஃபார்ம் எடுத்துப் படத்தின் மேலேயே வரைந்து, வைப் அனிமேஷன் கொடுத்தால் கோடு ஓடிவருவது போலத் தெரியும். தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் தமிழி எழுத்துகளுக்கும் இதையே செய்கிறேன். சித்தன்னவாசல் மலையின் ஏழடிப்பட்டத்துக் கல்வெட்டில் கூட்டல் குறி போல இருக்கும் ‘க’வின் மேல் சிவப்புக் கோடு ஓடியதும் வகுப்பே ‘க’ என்று சொல்லும்.

திரையின் வடிவத்தை முதல் ஸ்லைடு போடும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். 2013-க்குப் பிறகு வந்த பவர்பாயின்ட்டில் புதுக் கோப்பு 16:9 அகலத்தில்தான் திறக்கும். பல பள்ளிகளில் இருக்கும் புரொஜெக்டரோ 1024-க்கு 768, அதாவது 4:3. அகலமான ஸ்லைடை அதில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து உயரத்தில் கால்பங்கு வீணாகும். கல்வெட்டுப் பாடத்தில் அந்தக் கால்பங்கு பெரிய நஷ்டம். ஸ்மார்ட் போர்டு இருக்கிற பள்ளியில் 16:9-தான் சரி. டிசைன் பகுதியில் ஸ்லைடு சைஸ் இருக்கிறது. பாதி வேலை முடிந்தபின் மாற்றினால் படங்கள் இடம் மாறி ஒவ்வொன்றையும் திரும்ப அடுக்க வேண்டியிருக்கும். போகப்போகிற பள்ளியில் என்ன இருக்கிறது என்று முன்னாலேயே போன் செய்து கேட்டுவிடுவேன். இன்னும் இரண்டு கேள்விகளும் சேர்த்துக் கேட்பேன்: கேபிள் எச்டிஎம்ஐயா விஜிஏவா? ஸ்பீக்கர் இருக்கிறதா?

இனி தமிழ் எழுத்துரு. தமிழில் பிரசன்டேஷன் செய்யும் எல்லாரையும் படுத்துவது இதுதான். பயிற்சி வகுப்புகளில் கைமாறிவரும் பழைய கோப்புகள் பல பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவற்றுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறியீடு; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஒரு குழப்பம்தான் தெரியும். அப்படிப்பட்ட கோப்பு கைக்கு வந்தால் ஸ்லைடு ஸ்லைடாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். எழுத்தை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடாக்கி, புதிய கோப்பில் ஒட்டுவதே சுருக்கமான வழி.

யூனிகோடில் எழுதிவிட்டால் எழுத்து குலையாது. விண்டோஸ் 8-லிருந்து நிர்மலா யுஐ கூடவே வருவதால் நாம் போட்ட எழுத்துரு அங்கே இல்லாவிட்டாலும் படிக்கிற மாதிரி தமிழ் தெரியும். ஆனால் அகலம் மாறிவிடும். ஒரு வரியில் நின்ற தலைப்பு இரண்டு வரியாகிப் படத்தின் மேல் ஏறும். லதா எழுத்துரு முன்பெல்லாம் எல்லா விண்டோஸிலும் இருந்தது. விண்டோஸ் 10-ல் அதைத் தனியாகச் சேர்த்தால்தான் வரும். இதற்கு நான் செய்வது இரண்டு. உடல் எழுத்துக்கு நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ், வேறு அலங்காரம் கிடையாது. சேமிப்பதற்கு முன் ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் எம்பெட் ஃபான்ட்ஸ் என்பதை டிக் செய்துவிடுவேன். லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரெஸில் இதே வசதி ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸுக்குள் ஃபான்ட் பகுதியில் இருக்கிறது. போனில் திறக்கும் பல செயலிகள் இப்படிப் பொதிந்த எழுத்துருவைக் கண்டுகொள்வதில்லை. அதனால் எழுத்துப் பெட்டிகளை வேண்டியதைவிடச் சற்றே அகலமாக விட்டுவைப்பது நல்லது.

தமிழி, கிரந்தம் போன்றவற்றுக்கு இதெல்லாம் போதாது. பிராமி எழுத்துகள் யூனிகோடில் 2010-ல் சேர்ந்தன, கிரந்தம் 2014-ல். ஆனால் அவற்றுக்கான எழுத்துரு எல்லாப் பள்ளிக் கணினியிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. இல்லாவிட்டால் வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும். இங்கே தயக்கமே வேண்டாம். எழுத்துப் பெட்டியை வெட்டி, பேஸ்ட் ஸ்பெஷலில் பிஎன்ஜி படமாக ஒட்டிவிடுங்கள். பின்னால் திருத்த வசதியாக மூல எழுத்தை ஸ்லைடின் நோட்ஸ் பகுதியில் வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு என் வகுப்பிலேயே பதில் கிடைத்தது. திரையில் பத்தி இருந்தால் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். நான் பேசுவது காதில் விழாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் இதைப் பல சோதனைகளில் ஆராய்ந்திருக்கிறார். படத்தோடு பேச்சு சேர்ந்தால் நன்றாகப் புரிகிறது, பேசுவதையே எழுத்தாகவும் திரையில் போட்டால் புரிதல் குறைகிறது என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. படத்துக்கு ஒரு பெயர், ஓர் ஆண்டு, ஊர்ப்பெயர், அதோடு நிறுத்துகிறேன். காது கேளாத பிள்ளை இருக்கிற வகுப்பில் மட்டும் இந்த விதியை விட்டுவிட்டு முழு வாக்கியங்களைப் போட்டுத் தனியாக ஒரு பதிப்பு எடுத்துப்போவேன்.

ஒலி. குடுமியான்மலைக்கு எங்கள் இசை ஆசிரியை ஒரு பகுதியின் சுரங்களை நிதானமாகப் பாடித்தந்தார். அந்தக் காலத்தில் இது எப்படி ஒலித்ததென்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, இது இன்றைய குரலில் ஒரு வாசிப்பு மட்டுமே என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். பதிவு செய்யப் போன் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலை மூடிவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் சரி. அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் நான்கு சுரங்களுக்கு ஒன்றாக வெட்டி, ஒவ்வொன்றையும் கல்வெட்டுப் படத்தில் அதே கூட்டின் மேல் பொருத்தினேன். பவர்பாயின்ட்டில் அனிமேஷன் பகுதியில் ட்ரிக்கர் என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை எழுத்தின் மேல் வைத்து, அதைத் தொட்டால் ஒலி வரும்படி செய்யலாம். பாறையில் எந்த இடத்தைத் தொடுகிறோமோ அந்தச் சுரம் கேட்கும். ஒரு பெண் ஏழெட்டுக் கூட்டுகளைத் தன் போக்கில் தொட்டுக்கொண்டே போய், “சார், இதுல ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருது” என்றாள். நான் சொல்லித்தர வைத்திருந்த விஷயத்தை அவளே காதால் பிடித்துவிட்டாள்.

ஒலி சொதப்புவது பெரும்பாலும் கோப்பினால் இல்லை, கேபிளினால்தான். விஜிஏ கேபிளில் படம் மட்டுமே போகும். எச்டிஎம்ஐ போட்டால் ஒலியும் புரொஜெக்டருக்குப் போய்விடும். அதற்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் முதல் பெஞ்சுக்கு மட்டும் கேட்கும். திரையின் கீழ்மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து, ஒலி எங்கே போக வேண்டும் என்று மாற்றிக்கொடுக்க வேண்டும். புளூடூத் ஸ்பீக்கர் சற்று நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும். அடுத்த ஒலியின் முதல் துளியை விழுங்கிவிட்டுத்தான் விழிக்கும். ஒவ்வொரு ஒலித்துண்டின் தொடக்கத்திலும் ஒரு விநாடி மௌனம் சேர்த்தால் அது தீர்ந்துவிடும். கம்பி போட்ட ஸ்பீக்கரும் மூன்றரை மில்லிமீட்டர் கேபிளும் என் பையில் எப்போதும் உண்டு.

வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் பின்கதை தெரிந்திருந்தால் பல சிக்கல்கள் புரியும். பவர்பாயின்ட்டை உருவாக்கியது ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனம். ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் அதன் முக்கியமானவர்கள். 1987-ல் மெக்கின்டாஷ் கணினிக்காக வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. முதல் பதிப்பின் வேலை ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் கறுப்பு வெள்ளைத் தாள்களை அச்சிடுவது. அசையும் படம் பிறகு ஒட்டிக்கொண்டது. 2010 பதிப்பு வரும்வரை நாம் சேர்த்த வீடியோ கோப்புக்குள் போகாது. அது வன்தட்டில் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே போகும். அதனால்தான் பழைய கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோனால் வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் இருக்கும். பிபிடி என்று முடியும் பழைய கோப்புகள் கிடைத்தால் வீடியோக்களையும் அதே ஃபோல்டரில் வாங்கி, புதிய வடிவத்தில் ஒருமுறை திரும்பச் சேர்த்துச் சேமித்துவிடுங்கள்.

இப்போது வீடியோ உள்ளேயே போய்விடுகிறது, கோப்புதான் வீங்கிவிடுகிறது. எதனால் வீங்கியது என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. பிபிடிஎக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. நகல் ஒன்று எடுத்து, பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே மீடியா என்ற ஃபோல்டரில் நாம் போட்ட எல்லாப் படமும் ஒலியும் வீடியோவும் தனித்தனியாக இருக்கும். அங்கே இன்னொன்றும் தெரியவரும். ஸ்லைடில் நாம் ஓரத்தை வெட்டிய படம் உள்ளே வெட்டாமல் முழுதாகவே இருக்கிறது. படத்தின் ஓரத்தில் நின்ற பிள்ளைகளின் முகத்தை மறைக்க வெட்டியிருந்தால், கோப்பைப் பெறுகிற எவரும் அந்த முகத்தை மீட்டுவிடலாம். கம்ப்ரஸ் பிக்சர்ஸில் ‘டிலீட் க்ராப்டு ஏரியாஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் அது உண்மையிலேயே போகும். வீடியோவில் ட்ரிம் செய்த பகுதியும் அப்படித்தான். இன்ஃபோ பகுதியில் கம்ப்ரஸ் மீடியா கொடுத்த பிறகே நீங்கும். பள்ளிப் பிள்ளைகளின் படத்தைக் கையாளும் ஆசிரியர்கள் எல்லாரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கம்ப்ரஸ் மீடியாவில் 720பி போதும். 1024 புள்ளி அகலமுள்ள புரொஜெக்டருக்கு அதற்கு மேல் கொடுப்பது வீண். வீடியோ எந்த வகையில் பதிவானது என்பதும் முக்கியம். 2017-க்குப் பிறகு ஐபோனிலும், பல ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்பைப் பொறுத்தும், வீடியோ எச்.265 என்ற வகையில் பதிவாகும். இடம் குறைவாக எடுக்கும், ஆனால் பல விண்டோஸ் கணினிகளில் தனி நீட்சி இல்லாமல் ஓடாது. ஒலி மட்டும் கேட்கும் அல்லது கறுப்பாக நிற்கும். கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று மாற்றிவிட்டு எடுக்கலாம். எடுத்து முடித்துவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264 எம்பி4 ஆக மாற்றலாம். யூடியூப் இணைப்பை ஸ்லைடில் பதிப்பதை நான் நிறுத்திவிட்டேன். பாடவேளை நாற்பது நிமிடம். இணையம் வருமா என்று காத்திருக்க அதில் இடமில்லை.

எந்த மென்பொருள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கையில் பவர்பாயின்ட் இருந்தால் அதில் செய்யுங்கள். இல்லையென்றால் லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரெஸ் தாராளமாகப் போதும். தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓபன் ஆஃபிஸ் இம்ப்ரெஸ் இருக்கிறது. அரசு இலவச லேப்டாப்களில் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் வந்தது. ஆகவே பிள்ளைகளுக்கே இம்ப்ரெஸ் பழக்கமாக இருக்கும், அவர்களையே செய்யவும் சொல்லலாம். ஒன்றில் செய்து மற்றதில் ஓட்டுவதானால் அப்பியர், ஃபேடு, வைப் ஆகிய மூன்று அனிமேஷன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ட்ரிக்கர் வைத்த ஸ்லைடுக்குப் பக்கத்திலேயே சாதாரண ஒலி ஐகான் வைத்த மாற்று ஸ்லைடு ஒன்றையும் மறைத்து வைத்திருப்பேன்.

கூகுள் ஸ்லைட்ஸ் பல ஊர் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே கோப்பில் வேலை செய்ய அருமையானது. யார் எந்த ஊர்க் கல்வெட்டைச் சேர்த்தார், எங்கே தேதியில் சந்தேகம் என்று ஓரத்திலேயே பேசிக்கொள்ளலாம். ஆனால் அதில் சேர்க்கும் ஒலி டிரைவில்தான் இருக்கும். அந்த ஒலிக்கோப்பையும் தனியாகப் பகிர்ந்தால்தான் மற்றவர்களுக்குக் கேட்கும். காட்டுவதற்கு அதை நான் பயன்படுத்துவதில்லை. வேலை முடிந்ததும் பிபிடிஎக்ஸாக இறக்கி, ஒலி, வீடியோவைக் கையால் சேர்ப்பேன். கான்வாவின் வடிவமைப்பு கண்ணுக்குக் குளிர்ச்சி, மன்றத்தின் அழைப்பிதழுக்கு நல்லது. புடாபெஸ்டில் பிறந்து 2009-ல் வெளிவந்த ப்ரெஸி, ஒரே பெரிய பரப்பில் உள்ளே வெளியே போய்வரும் முறையைக் கொண்டது. 14 அடிக் கல்வெட்டுக்கு அதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. நல்ல இணையம் உள்ள இடத்தில் பேசுகிறவர்கள் அதை முயன்று பார்க்கலாம்.

காட்டும்போது கைக்கு வரவேண்டிய விசைகள் மிகச் சில. விண்டோஸ் விசையோடு பி (P) அழுத்தினால் திரையைப் பிரிக்கலாம் அல்லது ஒன்றாக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது பி (B) மட்டும் அழுத்தினால் திரை கறுப்பாகும், பிள்ளைகளின் பார்வை நம்மிடம் வரும். ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போகும். “சார், அந்த யானையை இன்னொரு தடவை காட்டுங்க” என்று கேட்கும்போது பின்னாலேயே புரட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. எண்களைச் சிறு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்கிறேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பள்ளி ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி, “சார், அந்தப் பிபிடியை வாட்ஸ்அப்புல போட்டுவிடுங்களேன்” என்பதுதான். மகிழ்ச்சியாகக் கொடுப்பேன், ஆனால் மூன்று வடிவங்களாக. போனில் பார்க்கிறவர்களுக்கு பிடிஎஃப்: எழுத்து குலையாது, ஒலியும் வீடியோவும் இருக்காது. வீட்டில் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட எம்பி4: ரெக்கார்ட் பகுதியில் ஸ்லைடு ஸ்லைடாக என் குரலில் விளக்கத்தைப் பதிந்து, எக்ஸ்போர்ட்டில் வீடியோவாக மாற்றியது. வகுப்பில் தாங்களே நடத்த விரும்புகிறவர்களுக்கு முழு பிபிடிஎக்ஸ். வாட்ஸ்அப்பில் கேலரியிலிருந்து வீடியோ அனுப்பினால் அது சுருக்கிக் கலங்கலாக்கிவிடும். டாக்குமென்ட் என்று அனுப்பினால் இருந்தபடியே போகும். குழுவில் போட்ட கோப்பு நாளடைவில் மேலே போய் மறைந்துவிடும் என்பதால் டிரைவிலும் ஒரு பிரதி வைத்து, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற அனுமதியோடு இணைப்பைக் கொடுக்கிறேன். அனுப்பும் முன் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் ஓட்டிவிட வேண்டும். நோட்ஸ் பகுதியில் நமக்கென்று எழுதிவைத்த குறிப்புகளும் கோப்போடு போய்விடும்.

கடைசி ஸ்லைடில் ஒவ்வொரு படத்துக்கும் எங்கே எடுத்தது, யார் எடுத்தது, எந்த உரிமத்தில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறேன். விக்கிமீடியா காமன்ஸ் படம் என்றால் அதில் கேட்டிருக்கிறபடி எடுத்தவர் பெயர் கட்டாயம். என் சொந்தப் படங்களையும் எங்கள் இசை ஆசிரியையின் குரலையும் யாரும் பாடத்துக்குப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்து அங்கேயே எழுதிவிட்டோம். அதன்பிறகு கோப்புகள் திரும்பி வரத் தொடங்கின. ஒரு டீச்சர் தங்கள் ஊர் ஏரி மதகுக் கல்வெட்டைச் சேர்த்து அனுப்பினார். இன்னொருவர் குடுமியான்மலையில் எனக்குக் கிடைக்காத காலை வெயிலில் எடுத்த படத்தை அனுப்பினார். மூன்றாவது ஸ்லைடில் இப்போது இருப்பது அந்தப் படம்தான், அவர் பெயரோடு.